ஃபியூஸ் யாருக்குக் காவல்?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பிக்கப் டிரக்குகள் பலவற்றில், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி ஒன்று முன்கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து சுருள் வயர் ஒன்று இறங்கி, டாஷ்போர்டின் குறுக்கே ஊசலாடிப் போய், சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருக்கும். பெட்டியின் பெயர் ரேடார் டிடெக்டர். நமக்கு இன்று அந்தச் சுருள் வயரோடுதான் வேலை. ஓட்டும்போது கையில் இடறுவது ஒருபக்கம்; போன் சார்ஜர் போட வேண்டிய துளையை அது பிடித்துக்கொள்வது இன்னொரு பக்கம்; வண்டியை நிறுத்திவிட்டுப் போனால், உள்ளே விலையுள்ள பொருள் இருக்கிறது என்று போகிற வருகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டும் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, வண்டியின் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வயர் இழுத்துக் கொடுத்துவிட்டால் என்ன? இதைத்தான் ஹார்ட்வயரிங் என்கிறார்கள்.

வேலை பெரிதில்லை. அவசரப்படாமல் செய்தால் ஒரு சனிக்கிழமைக் காலைக்குள் முடிந்துவிடும். ஆனால் இதில் ஒரு விஷயத்தை ஏறக்குறைய எல்லோருமே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வேலையைச் சுத்தமாக முடித்தவர்கள்கூட. அந்த இடம் வரும்போது நாம் கொஞ்சம் உட்கார்ந்தே பேசுவோம். டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சாலையோரப் போலீஸ்காரர் கையில் இருக்கும் ரேடார் துப்பாக்கி, கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலையை அனுப்புகிறது. இப்போது அதிகம் புழங்குபவை இரண்டு அலைவரிசைகள். ஒன்று 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. அதற்கு கே பேண்ட் என்று பெயர். இன்னொன்று 33.4 முதல் 36 வரை போகும் கேஏ பேண்ட். அலை வண்டியில் பட்டுத் திரும்பி வரும்போது அதன் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். அந்த மாற்றத்தை வைத்தே துப்பாக்கி வேகத்தைக் கணக்கிடுகிறது. கவனியுங்கள், துப்பாக்கிக்குக் கிடைப்பது போய்த் திரும்பிய அலை, இரண்டு பயணத்திலும் தேய்ந்த எதிரொலி. பெட்டிக்குக் கிடைப்பதோ நேராக வந்து விழும் அலை. அதனால்தான் துப்பாக்கி அளப்பதற்கு முன்பே பெட்டி பல சமயம் சத்தம் போட்டுவிடுகிறது. பக்கத்து லேனில் வரும் காரின் பிளைண்ட் ஸ்பாட் சென்சரைக் கேட்டும் அது கத்தும் என்பது தனிக் கதை.

இது சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் சொந்த வண்டியில் வைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் கூடாது. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனங்களில் நாடு முழுக்கவே கூடாது. பிக்கப் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டிரக் மட்டும் அந்த எடைக்குள் இருக்கும்; தொழிலுக்காகப் பின்னால் ஒரு டிரெய்லரைப் பூட்டி மாநிலம் விட்டு மாநிலம் போனால் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. கலிபோர்னியாவும் மின்னசோட்டாவும் பெட்டியைத் தடுக்கவில்லை, முன்கண்ணாடியில் எதையும் ஒட்டுவதைத்தான் கட்டுப்படுத்துகின்றன. போலீஸ் ரேடாரைக் குழப்புகிற ஜாமர் என்பது வேறு சாதனம். அது மத்தியச் சட்டப்படியே குற்றம். என்னைக் கேட்டால், இந்தப் பெட்டி கவனக்குறைவாக ஏறிவிட்ட வேகத்தை நினைவூட்ட உதவும், அதற்கு மேல் அதை நம்பி ஆக்சிலேட்டரை அழுத்துவது அறிவில்லாத காரியம்.

இனி கரண்டுக்கு வருவோம். வண்டி பேட்டரி 12 வோல்ட் என்கிறோம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், எஞ்சின் ஓடும்போது 14 வரை போகும். நம் பெட்டிக்கு இதில் எவ்வளவு வேண்டும்? பெரும்பாலும் அரை ஆம்பியருக்குள்தான். ஆம்பியர் என்பது ஓடும் கரண்டின் அளவு, அவ்வளவுதான். டிரக்கின் ஹெட்லைட்டோடும் சீட் ஹீட்டரோடும் வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

இப்போது ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறக்கிறோம். வரிசையாக வண்ண வண்ணச் சில்லுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் 5, 10, 15, 20, 30 என்று எண்கள். உடனே வயிற்றில் ஒரு கலக்கம் வரும்: அரை ஆம்பியர் தின்கிற பெட்டியை 20 ஆம்பியர் எழுதிய இடத்தில் கொடுத்தால், 20 ஆம்பியரும் உள்ளே பாய்ந்து அதைக் கருக்கிவிடாதா?

பாயாது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளியில் ஐம்பது பேருக்குப் போதுமான சாம்பார் இருக்கிறது. அதற்காக உங்கள் இலையில் ஐம்பது பேர் சாம்பாரையும் யாரும் கவிழ்ப்பதில்லை. நீங்கள் கையை மறித்ததும் கரண்டி அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. கரண்டும் அப்படியே. வோல்ட் சரியாக இருக்கும் வரை, தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சாதனம்தான் தீர்மானிக்கிறது. பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கத் தயாராக இருந்தாலும், பெட்டி அரை ஆம்பியர் வாங்கிக்கொண்டு மறித்துவிடும்.

இதைச் சொன்னதும் கெட்டிக்கார வாசகர் ஒருவர் கேட்பார்: அப்படியானால் ஃபியூஸ் எதற்கு? பெட்டி கெட்டுப்போகாமல் காப்பாற்றத்தானே? நான் சொன்ன தவறான புரிதல் இதுதான். சாதனத்தைக் காக்கவே ஃபியூஸ் என்று கடைக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டு எஞ்சினியர் சொல்வார், நமக்கும் அப்படியே பதிந்துபோயிருக்கிறது. உண்மையில் ஃபியூஸ் காக்கிற பொருள் வயர்.

ஏன் என்று பார்ப்போம். ஃபியூஸ் என்பது மெல்லிய உலோகப் பட்டை ஒன்று. கரண்ட் அதிகமானால் சூடேறி உருகி அறுந்துவிடும். ஆனால் உருகுவதற்கு நேரம் வேண்டும். வண்டிகளில் போடுகிற சாதாரண பிளேடு ஃபியூஸ், தன் மேல் எழுதிய அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக ஓடினாலும் 100 மணி நேரம் அறுந்துபோகாமல் தாங்க வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். 35 சதவீதம் கூடினால் பத்து நிமிடம் வரை அது யோசிக்கலாம். இரண்டு மடங்கு போனால்கூட ஐந்து விநாடி வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. டிடெக்டருக்குள் இருக்கும் சிப்புக்கு ஏதாவது ஆக வேண்டுமென்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆகிவிடும். ஃபியூஸ் போய்ச் சேரும்போது அங்கே காப்பாற்ற எதுவும் மிச்சம் இருக்காது.

வயர் அப்படியல்ல. அது நிதானமாகச் சூடேறி, மேலுறை இளகி, புகைந்து, பிறகுதான் தீப்பிடிக்கும். அந்த இடைவெளியில் கரண்டை அறுத்துவிட ஃபியூஸுக்கு நேரம் இருக்கிறது. வயருக்கு ஏற்ற ஃபியூஸாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம், கசப்பாக இருக்காது. ரேடார் டிடெக்டர்களில் பல, பழைய வீட்டுத் தொலைபேசிக்கு வருமே, ஆர்ஜே 11 என்கிற அந்தப் பிளாஸ்டிக் ஜாக்கின் வழியாகத்தான் கரண்ட் வாங்குகின்றன. அதோடு வரும் வயரும் தொலைபேசி வயர் போலத் தட்டையாக, மெல்லியதாக இருக்கும். 28 கேஜ் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கணக்கில் கேஜ் எண் கூடக்கூட வயர் மெலியும். அந்த வயர் கரண்டுக்குக் காட்டும் தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். ஃபியூஸ் பெட்டியிலிருந்து கண்ணாடி வரை 3 மீட்டர். போக ஒரு இழை, வர ஒரு இழை. ஆக 6 மீட்டர், சுமார் 1.28 ஓம்.

இப்போது ஜாக்குக்குப் பக்கத்தில் மேலுறை நைந்து, இரண்டு இழையும் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன, ஷார்ட். பெட்டி இனி நடுவில் இல்லை, கையை மறிக்க ஆள் இல்லை. 12.6 வோல்ட்டை 1.28 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 10 ஆம்பியர். இந்த வயருக்கு முன்னால் இருப்பது 20 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதன் கண்ணுக்கு 10 ஆம்பியர் என்பது அன்றாட வேலை. அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். மேல்கூரைத் துணிக்குள்ளும் தூணுக்குள்ளும் ஒளிந்திருக்கிற அந்த மெல்லிய வயரில் 125 வாட் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஏழரை ஆம்பியர் ஃபியூஸ்கூட இங்கே நம்பத் தகுந்ததல்ல. 10 என்பது அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல்தான், நிமிடக்கணக்கில் தாங்கிக்கொள்ளும். அதே இடத்தில் 2 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் ஐந்து மடங்கு கரண்டைப் பார்த்த மாத்திரத்தில் அறுந்துவிடும். வயரைத் தொட்டால் சூடுகூடத் தெரியாது.

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஃபியூஸின் அளவைச் சாதனத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. அதற்குப் பின்னால் போகிற வயர்களில் எது மெல்லியதோ அதைப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் உட்கார வேண்டிய இடம் கரண்ட் கிளம்புகிற முனை; பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள மூன்று மீட்டருக்கும் காவல் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கும் பழக்கம். பழைய சுருள் வயரின் சிகரெட் லைட்டர் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயரை நேராக முறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த பிளக்கின் மூக்கைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் உள்ளே ஸ்பிரிங்கோடு சேர்ந்து சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று விழும். அதுதான் அந்த வயருக்கென்று கம்பெனிக்காரர் வைத்த ஃபியூஸ். பிளக்கை வெட்டும்போது காவலாளியையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். நாம் கையில் எடுப்பது ஃபோர்டு எஃப் 150 என்று வைத்துக்கொள்வோம். அந்த எஃப் வரிசைதான் 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப். 2015-க்குப் பிந்தைய மாடலில் உள்ளிருக்கும் ஃபியூஸ் பெட்டி, பயணி கால் நீட்டும் இடத்தில் வலப்பக்கச் சுவரில், ஒரு பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. ஆட்-எ-ஃபியூஸ் என்று கேட்டால் உதிரிபாகக் கடையில் ஒரு சின்ன இணைப்பு கொடுப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் ஃபியூஸை உருவிவிட்டு, அந்த இடத்தில் இதைச் செருகுவது. இதன் முதுகில் இரண்டு ஃபியூஸுக்கு இடம் உண்டு. ஒன்றில் உருவிய பழைய ஃபியூஸ், அதே அளவில். இன்னொன்றில் நமக்கான 2 ஆம்பியர். நம் வயர் இரண்டாவதிலிருந்து கிளம்பும். வாங்கும்போது ஃபியூஸின் உருவத்தைப் பார்த்து வாங்குங்கள். மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 எல்லாம் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது.

எந்த ஃபியூஸிடம் கை நீட்டுவது? ஏர்பேக், பிரேக், எஞ்சின் கம்ப்யூட்டர் ஆகிய மூன்றின் பக்கமும் போகவே வேண்டாம். சாவி போட்டால் உயிர் வந்து, சாவி எடுத்தால் உயிர் போகிற ஒரு சாதாரண இணைப்பு நமக்கு வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டெஸ்ட் லேம்ப் போதும். எப்போதும் உயிரோடு இருக்கும் இணைப்பில் கொடுத்தால் என்ன என்று சோம்பல் கேட்கும். கால் ஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. விமானத்தில் ஏறி ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் 42 காலி. எழுபது சொச்சம் கொள்ளளவுள்ள பேட்டரியில் அவ்வளவு போனபிறகு, அதுவும் குளிர்காலத்தில், டிரக் கிளம்பினால் அதிர்ஷ்டம்.

ஆட்-எ-ஃபியூஸைச் செருகுவதில் திசை உண்டு. ஃபியூஸை உருவிய துளையில் இரண்டு வாய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் வருகிறது. மற்றது ரேடியோவுக்கோ வேறெதற்கோ போகிறது. சாவியைப் போட்டு டெஸ்ட் லேம்பால் தொட்டால் எது கரண்ட் வரும் வாய் என்று தெரிந்துவிடும். ஆட்-எ-ஃபியூஸின் இரண்டு கால்களில், இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்த வாய்க்குள் போக வேண்டும். திருப்பிப் போட்டாலும் பெட்டி விழிக்கும், சத்தம் போடும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் இருக்கும். ஆனால் நம் கரண்டும் பழைய ஃபியூஸின் வழியாகவே வரும். அதன் சுமை நம்மால் கூடிவிடும், அது போனால் நம் பெட்டியும் கூடவே அணையும்.

அடுத்து எர்த். கரண்ட் திரும்பிப் போகிற வழி. வண்டியின் உடம்பே அந்த வழியாக இருப்பதால், வளைய டெர்மினல் ஒன்றை வயர் நுனியில் இறுக்கி, உலோகத்தில் பதிந்த ஒரு போல்ட்டுக்கு அடியில் வைத்து முடுக்கினால் போதும். பிளாஸ்டிக்கில் பதிந்த திருகு உதவாது. பெயிண்டின் மேல் வைத்தாலும் சரியாகப் பிடிக்காது. எஃப் 150-இல் ஒரு விசேஷம். 2015-இலிருந்து அதன் உடம்பு அலுமினியம். அலுமினியத்தில் நாமாக ஓட்டை போட்டு இரும்புத் திருகை ஏற்றினால், ஈரம் படப்பட அந்த இடம் அரித்துப்போகும். கம்பெனியே எர்த்துக்காக வைத்த போல்ட்டைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்துவதே மேல்.

இனி வயரை மேலே கொண்டுபோக வேண்டும். ஃபியூஸ் பெட்டியிலிருந்து கதவின் ரப்பர் பீடிங்குக்குள் ஒளித்து ஏற்றி, முன்கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாக மேல்கூரைக்குப் போய், கூரைத் துணியின் விளிம்பில் விரலால் தள்ளிக்கொண்டே நடுவுக்கு வருவது. பிக்கப் உயரம் என்பதால் ஏறி உட்கார அந்தத் தூணில் ஒரு கைப்பிடி இருக்கும். அதன் சின்ன மூடிகளை நெம்பினால் உள்ளே போல்ட். போல்ட்டைக் கழற்றினால் தூணின் பிளாஸ்டிக் உறை கையோடு வரும். இங்கே நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். உறைக்குள் மடித்துவைத்த ஒரு துணிச்சுருள் தெரிந்தால் அது பக்கவாட்டு ஏர்பேக். விபத்தில் அது கண்ணிமைக்குமுன் வெடித்து விரிய வேண்டும். நம் வயர் அதன் முன்னால் குறுக்கே போனால், விரிகிற பையை அது தடுக்கலாம், அல்லது வயரே முகத்தில் அறையலாம். வயர் பைக்குப் பின்னால், தூணின் உலோகத்தை ஒட்டிப் போக வேண்டும். ஏற்கெனவே ஓடும் கம்பெனி வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பிறகு ஆடாது, உரசாது. இவ்வளவு வேண்டாம் என்று தோன்றினால், தானாக மங்கும் பின்பார்வைக் கண்ணாடி உள்ள வண்டிகளில் அந்தக் கண்ணாடிக்கு வரும் வயரிலிருந்தே அரையடித் துணுக்கு ஒன்றால் கரண்ட் எடுப்பவர்களும் உண்டு. அதற்கென்று ஃபியூஸோடு தயாராக விற்கிறார்கள். எனக்கு அந்த வழி பிடிக்கும். தூணைத் தொடவே வேண்டியதில்லை.

ஜாக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை பாக்கி. ஒரு கம்பெனி டிடெக்டரின் வயர் இன்னொரு கம்பெனி டிடெக்டரில் அழகாகச் செருகிக்கொள்ளும். ஆனால் உள்ளே எந்த இழையில் பிளஸ், எதில் மைனஸ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். தலைகீழாகக் கொடுத்த கரண்டிலிருந்து பெட்டியைக் காக்க நம் 2 ஆம்பியர் ஃபியூஸால் முடியாது. ஏன் என்று மேலே பார்த்துவிட்டோம். அந்தந்த மாடலுக்கு விற்கும் வயரையே வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் சாவியைப் போட்டுப் பாருங்கள், பெட்டி விழிக்கும். சாவியை எடுத்த பிறகும் அணையாவிட்டால் பதற வேண்டாம். கதவைத் திறக்கும் வரை ரேடியோவைப் பாட விடுகிற ஏற்பாடு இந்த டிரக்குகளில் உண்டு. இறங்கிக் கதவைச் சாத்தி, சில நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியே எட்டிப் பாருங்கள். வயரின் கண்ணாடிப் பக்க முனையை மட்டும் எதிலும் நிரந்தரமாகப் பிணைத்துவிடாதீர்கள். வர்ஜீனியா எல்லைக்குள் போகும்போது அந்த ஜாக்கை உருவிவிட வேண்டியிருக்கும். பெட்டிக்குக் கரண்ட் இல்லாமலும், ஓட்டுபவர் கையோ பயணியின் கையோ எட்டாத இடத்திலும் இருந்தால் அந்த மாநிலச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. பின்பக்கக் கருவிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம். ஓசைப்படாமல் மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்றும் நினைக்க வேண்டாம். டிடெக்டருக்குள்ளிருந்து மிக மெல்லிய அலை ஒன்று வெளியே கசியும். அதைப் பிடிக்கவே செய்த கருவி அங்கே போலீஸிடம் இருக்கிறது.